கடைசி மூன்று விலா எலும்பு

ஜனவரி 12

அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கப்பல் பழுது பார்க்கும் தளத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அறை. எட்டுக் கட்டில், எட்டு ஆள், ஒரு ஜன்னல். ஜன்னல் என் பக்கம் இல்லை. வெல்டிங் வேலைதான், கப்பலின் அடிவயிற்றில் மல்லாந்து படுத்தபடி பற்ற வைக்க வேண்டும். ஒப்பந்தம் பத்து மாதம், நடுவில் லீவு கிடையாது. நவம்பரில்தான் திரும்புவேன்.

என் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பது எனக்கு மூன்று வருஷமாகத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். அன்றைக்கு நாயையும் அதன் பையையும் உன் வாசலில் விட்டுவிட்டு, நீ வாயைத் திறப்பதற்குள் வண்டி ஏறியது தப்புதான். நின்று கேட்டிருந்தால் நீ மாட்டேன் என்றிருப்பாய். வேறு யாரிடம் விடுவேன், நீயே சொல்.

பெயர் சாட்டை. வாலைப் பார்த்தால் காரணம் புரியும். மூன்று வயது இன்னும் ஆகவில்லை. இவன் இனம் மோப்பம் பிடித்து வேட்டையாடுவதில்லை, கண்ணால் வேட்டையாடும். தூரத்தில் ஏதாவது அசைந்தால் போதும், கிளம்பிவிடுவான். கிளம்பிய பிறகு நீ தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் ஏறாது. அதனால் வெளியே போகும்போது வாரை விடாதே. கழுத்து தடிமன், தலை சின்னது. சாதாரணப் பட்டை நழுவிவிடும். பையில் இருக்கும் அகலத் தோல்பட்டையை மட்டும் போடு.

தோல் காகிதம் மாதிரி, முள் பட்டாலே கிழியும். உடம்பில் கொழுப்பே இல்லை. வெறும் தரையில் படுத்தால் முழங்கை புண்ணாகும், மெத்தை வேண்டும். குளிர் தாங்க மாட்டான். சாப்பாடு இரண்டு வேளை, அளந்து. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்கு ஓடவே கூடாது. அடிக்காதே. ஒரு அடி போதும், ஆயுசுக்கும் நம்ப மாட்டான்.

முக்கியமான விஷயம், பின்னால் கடைசி மூன்று விலா எலும்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். பட்டினி போடுகிறாய் என்று அக்கம்பக்கம் சொல்லும். சொல்லட்டும். அதுதான் அவன் அழகு, அதுதான் ஆரோக்கியம்.

தம்பி


ஜனவரி 27

தம்பிக்கு,

உன் கடிதத்தை நாய்க்கு வாசித்துக் காட்டினேன். கொட்டாவி விட்டது.

நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை என்பார்கள். உன் நாய்க்கு நேரம் நிறைய இருக்கிறது, நிற்கத்தான் மனசில்லை. நாளில் பதினெட்டு மணி நேரம் தூக்கம். தண்ணீர் கேன் போடுகிறவர் கேட்டைத் திறந்துகொண்டு சமையலறை வரை வந்துவிட்டார். தலையைத் தூக்கிப் பார்த்தது, திரும்ப வைத்துக்கொண்டது. வீட்டில் என்ன நடந்தாலும் எனக்கென்ன என்று கிடப்பதில் அப்படியே உன் வார்ப்பு.

பக்கத்து வீட்டு டீச்சர் நேற்று மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "ஏங்க, அந்த வாயில்லா ஜீவனுக்கு ரெண்டு வாய் சோறு போட்டா கொறஞ்சா போயிடுவீங்க? எலும்ப எண்ணிடலாம் போலிருக்கே" என்றார். அது வேட்டை நாய், அப்படித்தான் இருக்கும் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் நம்பிக்கை இல்லை.

உனக்கு விலா எலும்பு அழகு. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஞாபகம் இருக்கிறதா? எக்ஸ்ரே அறையில் எட்டு மணி நேரம் "மூச்ச இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று ஊரார் விலா எலும்பைப் படம் பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் விலா எலும்பு. அதோடு போகட்டும். அம்மாவைக் கடைசி ஆறு மாதம் தினமும் துடைத்துவிட்டவள் நான். எந்தப் பக்கம் எத்தனை எலும்பு தெரியும் என்று ஈரத்துணிக்கே மனப்பாடம். உனக்குத் தெரியாது, நீ பார்க்கவில்லை. நாயின் எலும்பை எண்ணுவதற்கு மட்டும் எனக்குப் பாடம் எடுக்கிறாய்.

நேராகக் கேட்கிறேன். அம்மா போன அன்று மத்தியானம் ஒரு மணிக்கு உனக்குப் போன் பண்ணினேன். "வரேன்க்கா" என்றாய். நான்கு மணி நேர வழி. அம்மா போனது ஆறு பத்துக்கு. நீ வந்தது மூன்றாம் நாள். ரோட்டில் வெள்ளம் என்றாய். வந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள், நான் ஆட்டவில்லை. போனில் கேட்டால் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். அதனால் எழுத்தில் கொடு. அன்றைக்கு ஏன் வரவில்லை? பதில் வந்தால் நாய் நவம்பர் வரை இங்கே இருக்கும். வராவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

அக்கா


பிப்ரவரி 9

அக்காவுக்கு,

வெள்ளம்தான். பாலத்துக்கு மேல் இடுப்பளவு தண்ணீர் போனது. எத்தனை தடவை கேட்டாலும் அதுதான் பதில். ஆறின புண்ணைச் சொறியாதே.

சாட்டை குரைக்கவில்லை என்று குறை சொல்லாதே. காவலுக்கு வேறு இனம் இருக்கிறது. இவன் வேலை ஓடுவது, அதுவும் ஒரே மூச்சில். அரை நிமிஷம் பறப்பான், அவ்வளவுதான். மீதி நேரத் தூக்கம் அந்த அரை நிமிஷத்துக்கான சேமிப்பு. சோம்பேறி என்று நினைத்துவிடாதே.

ஒரு விஷயம் எழுத மறந்துவிட்டேன், இதைப் பத்திரமாக வை. எப்போதாவது ஆபரேஷன், பல் பிடுங்குவது என்று வந்தால், டாக்டரிடம் இந்தக் கடிதத்தையே காட்டு. எடையைப் பார்த்து மயக்க மருந்தை அளக்கக் கூடாது. கொழுப்பு இல்லாத உடம்பில் மருந்து போக வழியில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். மற்ற நாய் அரை மணியில் எழுந்தால் இந்த இனம் எழாமலே போய்விடலாம். மருந்தை மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும், போர்வை போட்டுச் சூடாக வைத்திருக்க வேண்டும். தடுப்பூசி அட்டை பையின் பக்க ஜிப்பில் இருக்கிறது.

இங்கே ஒருவனுக்குக் கண்ணில் தீப்பொறி பட்டு வேலை நின்றது. எனக்கு ஒன்றும் இல்லை. நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பக்கவாட்டில், நின்றபடி.

தம்பி


பிப்ரவரி 24

தம்பிக்கு,

வெள்ளமாகவே இருக்கட்டும். நீ இப்படிச் சொல்வாய் என்று தெரிந்துதான் கேட்டேன். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது தெருவுக்குத்தான் ஓடும் என்பார்கள். உன் நாய் நடுவீட்டைவிட்டு நகர்வதே இல்லை, அந்தப் பழமொழி உனக்கு மட்டும்தான் போல.

கெடு வைத்தவள் நான்தான். பதில் பொய்யாக வந்தபின் நாயை வெளியே அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் அன்று சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்தபோது அது அம்மாவின் கட்டிலில் ஏறிப் படுத்திருந்தது. அம்மா போனபிறகு அந்த மெத்தையில் யாரும் படுத்ததில்லை. நான் உட்கார்ந்ததுகூட இல்லை. இறங்கு என்று கத்த வாயைத் திறந்தேன். நான்கு காலையும் மேலே தூக்கிக்கொண்டு, வாயைக் கோணலாகத் திறந்து, நாக்கு ஒரு பக்கம் தொங்க, என்ன ஒரு தூக்கம்! சிரித்துவிட்டேன். என் வீட்டில் என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. அன்றிலிருந்து அந்தக் கட்டில் அதற்குத்தான்.

காலையில் நான் காபி போட எழுந்தால் பின்னாலேயே வந்து, தலையை என் முழங்காலுக்குப் பின்னால் வைத்து முட்டிக்கொண்டு நிற்கிறது. வேறெதுவும் கேட்பதில்லை. டீச்சருக்கும் சமாதானமாகிவிட்டது. தன் பங்குக்கு அவரும் தினமும் ஏதாவது கொண்டுவந்து போடுகிறார்.

இதோடு போட்டோ வைத்திருக்கிறேன். பார்த்துக்கொள். என் கையில் சாப்பிட்டு எப்படி மினுமினுப்பாக ஆகியிருக்கிறது பார்.

அக்கா


மார்ச் 6

அக்கா,

போட்டோ வந்தது. இடுப்பு எங்கே?

நான் உனக்கு என்ன எழுதினேன்? ஒரு எலும்புகூடத் தெரியவில்லை. முதுகில் டம்ளர் வைத்தால் நிற்கும் போலிருக்கிறது. இது என்ன, பன்றியா? நாலு கிலோவாவது ஏறியிருப்பான். இந்த இனத்துக்கு நெஞ்சு ஆழம், உள்ளே வயிறு ஊஞ்சல் மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். நிறையத் தின்றுவிட்டு ஓடினால் அது அப்படியே முறுக்கிக்கொள்ளும். முறுக்கினால் சில மணி நேரம்தான், முடிந்தது கதை.

டீச்சரை மதிலுக்கு அந்தப் பக்கமே நிறுத்து. நீயும் உன் கையைக் கட்டிக்கொள். பாசம் என்று நினைத்துக்கொண்டு நீ அவனைக் கொல்லப் பார்க்கிறாய். எனக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான்.

தம்பி


மார்ச் 21

தம்பிக்கு,

உன் கடிதம் பதினைந்தாம் தேதி வந்தது. எனக்கு அது நான்கு நாள் தாமதம்.

பதினொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன், நம் இருவரில் ஒருவராவது எழுதட்டும். மத்தியானம் அதற்கு வயிறு நிறையப் போட்டேன். டீச்சர் கொண்டுவந்த கோழித் துண்டுகளையும் போட்டேன். நக்கித் துடைத்த தட்டைப் பார்க்கும்போது எனக்கு ஒரு நிம்மதி. அம்மாவுக்குக் கடைசியில் நான் நீட்டிய கரண்டி எல்லாம் அப்படியே திரும்பி வந்தது. இது நிமிர்ந்து பார்த்து இன்னும் கேட்கிறது. நீயே இருந்தாலும் போட்டிருப்பாய் என்று சொல்ல மாட்டேன். நீ போட்டிருக்க மாட்டாய்.

துணி காயப்போடப் பின் கதவைத் திறந்தேன். காலி மனையில் ஒரு பூனை குறுக்கே போனது. அந்த அரை நிமிஷத்தை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். கால் தரையில் பட்டதா என்றே தெரியவில்லை. மூன்று சுற்று சுற்றிவிட்டு வந்து, பெருமையாக என் பக்கத்தில் நின்றது. நானும் தட்டிக்கொடுத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து முதுகை வளைத்துக்கொண்டு மூலையில் நின்றது. வாந்தி எடுக்கப் பார்க்கிறது, ஒன்றும் வரவில்லை. வாயிலிருந்து எச்சில் கயிறாகத் தொங்குகிறது. வயிற்றைத் தொட்டால் டமாரம் மாதிரி இருந்தது. எதிர்வீட்டு எலக்ட்ரீசியன் தன் வேனிலிருந்த ஏணியை எல்லாம் தெருவில் இறக்கிப் போட்டுவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டு போனார்.

கால்நடை டாக்டரிடம் எக்ஸ்ரே எடுக்கிற உதவியாளர் நாயை எந்தப் பக்கம் படுக்கவைப்பது என்று முழித்தார். "தள்ளுங்க தம்பி, இது என் வேல" என்று நானே வலப்பக்கமாகப் படுக்கவைத்து எடுத்தேன். படத்தை முதலில் பார்த்ததும் நான்தான். நாய்ப் படம் எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் காற்று ஏறிய வயிறு நடுவில் மடிந்து இரண்டு உருண்டையாக இருந்தால் அது சரியில்லை என்று யாருக்கும் தெரியும். அதற்குப் பின்னால் விலா எலும்புகள். அத்தனை சதைக்குள்ளும் பதின்மூன்று ஜோடியும் இருந்த இடத்தில்தான் இருந்தன. நான் எதை மூடி மறைத்தேன் என்று அந்தப் படத்துக்கு முன்னால் நின்றபோது உறைத்தது.

உன் பிப்ரவரி கடிதம் கைப்பையில் இருந்தது. நீட்டினேன். டாக்டர் நின்றபடியே வாசித்தார். "யாரும்மா எழுதினது? நல்ல வேள. நான் எடைக்குத்தான் அளந்திருப்பேன்" என்றார். முறுக்கிய இரைப்பையைத் திருப்பி, வயிற்றின் உள்சுவரோடு சேர்த்துத் தைத்தார்கள். பிழைத்துவிட்டது. உன்னால்தான் பிழைத்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். கொல்லப் பார்த்தது நான்தான், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அட்டை கேட்டார்கள். பக்க ஜிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் விரித்துப் பார்த்து, "மூணு வயசும் அஞ்சு மாசமும்" என்று எழுதிக்கொண்டார். மூன்று ஆகவில்லை என்று நீ எழுதியிருந்தாயே என்று வாங்கிப் பார்த்தேன். உன் கையெழுத்து. பிறந்த தேதி அக்டோபர் 19, அம்மா போன அதே நாள். நேரம் மாலை 5.40.

அன்றைக்கு நீ கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதியிருக்கிறாய். வெள்ளத்தில் நின்றுகொண்டா எழுதினாய்?

அக்கா


ஏப்ரல் 18

தம்பிக்கு,

நான்கு வாரம் ஆகிறது. தையல் பிரித்தாகிவிட்டது. உன் பதில் இன்னும் வரவில்லை.

அக்கா


மே 2

அக்கா,

ஏழு காகிதம் கிழித்துவிட்டேன். இது எட்டாவது. இதையும் கிழித்தால் இனி எழுத மாட்டேன் என்று தெரியும், அதனால் கிழிக்காமல் அனுப்புகிறேன்.

வெள்ளம் இல்லை. மழைகூட இல்லை.

சாட்டையின் அம்மா பெயர் தூசி. நீ பார்த்ததில்லை. அன்றைக்குக் காலையில் அவளுக்கு வலி எடுத்தது. முதல் குட்டி குறுக்கே மாட்டிக்கொண்டது. டாக்டர் வெளியூர் போயிருந்தார். நீ ஒரு மணிக்குக் கூப்பிட்டபோது தோளில் போனை இடுக்கிக்கொண்டுதான் பேசினேன், என் கை அவளுக்குள் இருந்தது. வரேன்க்கா என்று சொன்னது பொய் இல்லை. அந்தக் குட்டியை எடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் நினைத்தேன்.

அதற்கு முன்னால் நான்கு தடவை நீ அப்படிக் கூப்பிட்டிருக்கிறாய். நான்கு தடவையும் விழுந்தடித்துக்கொண்டு வந்தேன். நான்கு தடவையும் அம்மா எழுந்து உட்கார்ந்து, "எதுக்குடா வேலய விட்டுட்டு வந்த?" என்று கேட்டாள். உன்னைக் குறை சொல்லவில்லை. ஐந்தாவது தடவையும் கேட்பாள் என்று நினைத்துவிட்டேன்.

இதோடு நிறுத்தினால் பாதிப் பொய்யாகிவிடும். மூன்று மணிக்கு மூன்று குட்டி செத்துப் பிறந்திருந்தன. தூசி பிழைக்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போது கிளம்பியிருந்தால்கூட ஏழு மணிக்கு வந்திருப்பேன். உயிரோடு பார்த்திருக்க மாட்டேன், ஆனால் உன் பக்கத்தில் நின்றிருப்பேன். கிளம்பவில்லை. ஏன் என்று மூன்று வருஷமாக யோசிக்கிறேன். அங்கே வந்தால் எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கட்டில் பக்கம் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இங்கே என் கைக்கு வேலை இருந்தது. நாய் சாவதைப் பார்க்க எனக்குப் பயமில்லை. அம்மா சாவதைப் பார்க்கப் பயம். அதுதான் நிஜம். என்னிடம் வேறு நிஜம் இல்லை.

ஐந்து நாற்பதுக்கு இவன் வந்தான். மூச்சு இல்லை. துணியில் போட்டுத் தேய்த்து, மூக்கில் ஊதி வரவைத்தேன். ஆறு மணிக்குத் தூசி போய்விட்டாள். நேரம் எழுதுவது அப்போது நான் பார்த்த நாய் வளர்ப்புத் தொழிலில் பழக்கம், குட்டி எப்போது பிறந்தது என்று வாங்குகிறவர்கள் கேட்பார்கள். எழுதினேன். அரை மணி நேரம் கழித்து நீ கூப்பிட்டாய்.

இரண்டு மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்துக் குழாயில் பால் கொடுத்தேன். மூன்றாம் நாள் நான் வந்தபோது என் தோளில் ஒரு துணிப்பை இருந்தது, நீ வாங்கி உள்ளே வைக்கக் கை நீட்டினாய், நான் கொடுக்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா? அதற்குள் இவன் இருந்தான். அத்தனை பேர் அழுதுகொண்டிருந்த வீட்டில் இரண்டு தடவை குளியலறைக்குப் போய் இவனுக்குப் பால் கொடுத்தேன்.

இன்னொரு தடவை அதே நாள் வந்தால் கிளம்பியிருப்பேனா என்று கேட்காதே. ஆமாம் என்று எழுத ஆசைதான், எழுத வரவில்லை.

அவன் எப்படி இருக்கிறான்?

தம்பி


மே 20

தம்பிக்கு,

நீ இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். நல்ல பொய்யாகச் சொல்லியிருந்தால் நம்பத் தயாராகத்தான் இருந்தேன். எழுத்தில் கொடு என்று கேட்டவள் நானே, அதனால் இப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் மூட முடியவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. ஆறு பத்துக்கு நான் அம்மா பக்கத்தில் இல்லை. ஐந்து மணிக்கு நீ வந்துவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். ஐந்தரை ஆனது. அம்மா, "வந்துட்டானா?" என்று கேட்டாள். வந்துகொண்டே இருக்கிறான் என்றேன். ஆறு மணிக்கு மறுபடியும் கேட்டாள், இந்தத் தடவை உதடு மட்டும் அசைந்தது. "இரும்மா, பாத்துட்டு வரேன்" என்று வாசலுக்குப் போனேன். தெருமுனையைப் பார்த்தபடி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு வண்டியும் நீதான் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது அம்மா இல்லை. பத்து நிமிஷம் இருக்கும். ஆறு மாதம் ராப்பகலாகப் பக்கத்தில் இருந்துவிட்டு, அந்தப் பத்து நிமிஷம் உன்னைத் தேடி வாசலில் நின்றேன். உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் நீ வராததற்கு மட்டும் என்று நினைத்தாயா?

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் நாயைக் கிளப்பினேன். டாக்டரின் உதவியாளருக்கு அதன் மேல் ஆசை. அவருக்கு ஊருக்கு வெளியே தோட்டம், சுற்றிலும் வேலி. "குடுத்துட்டுப் போங்கக்கா, ராஜா மாதிரி வெச்சிக்கறேன்" என்று முன்பே சொல்லியிருந்தார். தோல்பட்டை, போர்வை, அட்டை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். வழியெல்லாம் அதைப் பார்த்து, உன்னால்தான், உன்னால்தான் என்று சொல்லிக்கொண்டே போனேன். என் குரல் சரியில்லை என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு அடிக்கு ஒரு தடவை நின்று முகத்தைப் பார்த்தது. அங்கே போய் வாரை அவர் கையில் கொடுத்தேன். அவர் வாங்கினார். அது இழுக்கவில்லை, குரைக்கவில்லை. நான் கேட்டைத் தாண்டுகிறவரை நின்ற இடத்தில் நடுங்கிக்கொண்டே இருந்தது.

திரும்பப் போய் வாங்கிக்கொண்டு வந்தேன். பிறந்தது அதன் குற்றமா?

மறுநாள் நகராட்சி அலுவலகத்துக்குப் போய் நாய் வளர்ப்பு உரிமத்தில் பெயரை மாற்றினேன். சொந்தக்காரர் என்ற இடத்தில் இப்போது என் பெயர். மூன்று மாதத்துக்கு மேல் யார் வீட்டில் வளர்கிறதோ அவர் பெயரில் எழுதலாமாம், அண்டை வீட்டார் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் போதுமாம். டீச்சரும் எலக்ட்ரீசியனும் போட்டார்கள். எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

சாப்பாட்டை அளந்துதான் போடுகிறேன். இரண்டு எலும்பு தெரிகிறது. மூன்றாவதுக்கு எனக்கு இன்னும் மனசு வரவில்லை. காலையில் அந்த இரண்டும் கண்ணில் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றுகிறது. இருந்தாலும் பார்க்கிறேன்.

என்னால் ஒருவரைத்தான் மன்னிக்க முடிந்தது. அதை நாய்க்குச் செலவழித்துவிட்டேன். உனக்கு மிச்சம் இல்லை. நவம்பரில் இங்கே வராதே.

அக்கா


ஜூன் 4

அக்காவுக்கு,

பெயர் மாற்றியது சரிதான். சண்டைக்கு வர மாட்டேன். நவம்பருக்கு மேல் இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே இருக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நான் பக்கத்தில் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று சில விஷயங்களை எழுதாமல் விட்டிருந்தேன். இனி நீதான் பார்க்க வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

நகம் பத்து நாளைக்கு ஒரு தடவை வெட்டு. தரையில் நடக்கும்போது டக் டக் என்று கேட்டால் நீண்டுவிட்டது என்று அர்த்தம். வால் நுனியைச் சுவரில் அடித்துக்கொண்டால் ரத்தம் நிற்காது. சந்தோஷத்தில்தான் அடித்துக்கொள்வான், கதவோரம் நின்று கொஞ்சாதே. பல்லை வாரம் மூன்று தடவை தேய். வயிற்றைத் தைத்திருப்பதால் இனி முறுக்காது, ஆனால் வீங்கலாம், பழைய ஜாக்கிரதையை விடாதே. ஓடவிடு. ஓடாவிட்டால் இவன் இனத்துக்கு நெஞ்சு சுருங்கிவிடும். எலக்ட்ரீசியனைக் கேட்டுப் பார், அந்தக் காலி மனையைச் சுற்றி வலை அடிக்க முடியுமா என்று.

ஏழு வயதுக்குமேல் வருஷத்துக்கு ஒரு தடவை நெஞ்சைப் படம் எடு. இந்த இனத்துக்கு இதயம் பெரிதாகத்தான் இருக்கும். டாக்டர் பயமுறுத்தினால் பயப்படாதே, உன் கண்ணால் பார்த்து முடிவு செய். நல்லபடியாகப் போனால் பன்னிரண்டு, பதின்மூன்று வயது வரை இருப்பான்.

கடைசியில் சாப்பாட்டை ஒதுக்குவான். வாயைத் திறந்து ஊட்டாதே. எல்லா எலும்பும் தெரியும். அப்போது அது யார் தப்பும் இல்லை. கட்டிலில் ஏற முடியாது, மெத்தையைத் தரையில் போடு. கண் மங்கிவிடும், அதனால் நீ இருக்கிறாய் என்று தெரிய அவன் மேல் கையை வைத்துக்கொண்டே இரு. யாராவது வருகிறார்களா என்று பார்க்க வாசலுக்குப் போகாதே. நான் வர மாட்டேன்.

தம்பி